பார்த்தேன் என்றால் போதுமா?

2009 ஜூலையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில் உள்ள வாச்சூக்கா மலையில், மில்லர் கேன்யன் என்ற குறுகிய மலை இடுக்கில் ஒரு பறவை பாடியது. தொடக்கத்தில் துருப்பிடித்த கீலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுபோலத் தயங்கித் தயங்கிச் சில ஒலிகள். பிறகு வேகம் கூடி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுரங்கள் உருண்டு விழுந்து, நீண்டதொரு பொழிவாகி நின்றது. கோடை முழுவதும் பறவை நோக்கர்கள் வந்துபோகும் இடம் அது. அந்த மலையின் பாடும் பறவைகள் ஒவ்வொன்றின் குரலும் அவர்களுக்கு மனப்பாடம். இந்தக் குரல் அவற்றில் சேரவில்லை. பாடியது பழுப்பு முதுகு சாலிட்டேர். மெக்சிகோவின் மலைக்காடுகளிலிருந்து தெற்கே ஹோண்டுராஸ் வரை வாழும், பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை. பக்கத்தில் உள்ள ராம்சி கேன்யனிலும் அதே காலத்தில் அது தென்பட்டது. இந்த வருகையை ஆதாரமாகக் கொண்டுதான் அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் பட்டியலில் அந்த இனம் முதன்முறையாக இடம்பெற்றது. பறவை வந்துவிட்டதாலேயே அது பட்டியலில் ஏறிவிடவில்லை. வந்ததை, அங்கே இல்லாதவர்களும் சோதித்துப் பார்க்கும்படி பதிவு செய்திருந்ததால் ஏறியது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அரிய பறவைகளைப் பற்றிய நம் அறிவு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது என்பது என் வாதம்.

அந்த மலைகளின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். வடக்கே ராக்கி மலைகளும் கொலராடோ பீடபூமியும், தெற்கே மெக்சிகோவின் மேற்கு சியெரா மாத்ரே மலைத்தொடரும் இருக்க, இடையில் கிடக்கும் வறண்ட புல்வெளியிலும் பாலையிலும் தனித்தனி மலைகள் எழுந்து நிற்கின்றன. வாச்சூக்கா, சாண்டா ரீட்டா, சிரிகாவா என்று அவற்றுக்குப் பெயர்கள். சிகரங்கள் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரம். அடிவாரத்தில் கள்ளியும் முட்புதரும், ஏற ஏற ஓக், ஜூனிப்பர், உச்சியில் பைன். ஒவ்வொரு மலையும் வெப்பக் கடலில் மிதக்கும் குளிர்ந்த தீவாக இருப்பதால் இவற்றை வானத் தீவுகள் என்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளையும் ஆய்வாளர்கள் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் போன்ற தாழ்வுகள் சோலைப் பறவைகளைப் பிரித்து வெவ்வேறு இனங்களாக்கியது அந்த உச்சிகள் தீவுகளாக நிற்பதால்தான். அரிசோனாவில் இந்தத் தீவுகள் மெக்சிகோவின் பெருமலைத் தொடருக்கு மிக அருகில் இருக்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கேயும் ஒரு பருவமழை உண்டு. காய்ந்த ஓடைகளில் நீர் வருகிறது, பூச்சி பெருகுகிறது, பழம் கனிகிறது. தெற்கே கூடுகட்டி முடித்த பறவைகளும் துணை கிடைக்காத இளம் பறவைகளும் அந்தச் சமயத்தில் வடக்கு நோக்கி அலைகின்றன. அப்படி வருபவற்றுக்குக் கேன்யன்கள்தான் இயல்பான புகலிடம். பாறைச் சுவர்களின் நிழலும், ஓடையும், அதன் கரையில் வெள்ளைப் பட்டை சைக்கமோர் மரங்களும் பாலை நடுவே ஒரு பச்சைக் கோடாக நீள்கின்றன. பறவைக்கு அது பாதை. பறவையைத் தேடுபவருக்கும் அதுவே பாதை.

பாதை ஒன்றாக இருந்தாலும் பார்ப்பது எளிதல்ல. சாலிட்டேர் மைனாவைவிடச் சற்றுச் சிறியது. சாம்பல் உடல், பழுப்பு முதுகும் இறக்கையும், கண்ணைச் சுற்றி இடையில் அறுபட்ட வெள்ளை வளையம், வால் ஓரத்தில் வெள்ளை. மரத்தின் உள்கிளையில் அசையாமல் உட்கார்ந்து பாடும் பழக்கமுள்ள பறவைக்கு இந்த நிறங்கள் மறைவிடம் மாதிரி. போதாததற்கு அமெரிக்க மேற்கிலேயே டவுன்செண்டு சாலிட்டேர் என்ற நெருங்கிய உறவினம் இருக்கிறது. அதே உருவம், அதே சாம்பல், அதே வெள்ளை வால் ஓரம். அதற்கோ கண் வளையம் முழுமையானது, முதுகு சாம்பல், இறக்கையில் வெளிர்மஞ்சள் பட்டை. நிழலில், இலைகளுக்கு நடுவே, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்க்கும் மனிதருக்கு இந்த வேறுபாடுகளில் எத்தனை தெரியும்? வளையம் அறுபட்டிருந்ததா, அல்லது ஓர் இலை நுனி குறுக்கே வந்ததா? முதுகு பழுப்பா, அல்லது மாலை வெயிலின் நிறமா? மனம் இந்த இடைவெளிகளை நிரப்பிவிடும். அரிய பறவையைக் காண வேண்டும் என்ற ஆசை உள்ளவரின் மனம் இன்னும் விரைவாக நிரப்பும். இது நேர்மைக் குறைவு இல்லை; கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதமே அப்படி. டவுன்செண்டு சாலிட்டேர் அந்தத் தென் மலைகளுக்குப் பெரும்பாலும் குளிர்காலத்தில், ஜூனிப்பர் பழத்தைத் தேடி வருவது என்பதால், ஜூலை என்ற மாதமே ஒரு துணைச் சான்றாகிறது. ஆனால் துணைச் சான்று மட்டும் போதாது. வழிமாறிய பறவை என்றாலே மாதத்துக்கும் இடத்துக்கும் பொருந்தாமல் வந்த பறவைதானே.

முற்காலத்தில் இதற்கு ஒரே விடை இருந்தது: துப்பாக்கி. 19ஆம் நூற்றாண்டில், சுட்டு வீழ்த்திப் பாடம் செய்த உடல் கையில் இருந்தால்தான் அரிய பறவையின் வருகை ஏற்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் நல்ல பைனாகுலரும், 1934இல் ராஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட களக்கையேடு போன்ற நூல்களும் வந்தபின்தான், உயிருள்ள பறவையை அடையாளக் குறிகளைக் கொண்டு உறுதிப்படுத்தலாம் என்ற நம்பிக்கை பரவியது. கொல்லாமல் அறிவது பெரும் முன்னேற்றம். என்றாலும் உடல் கையில் இருந்த காலம் உறுதியான காலம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் நகரைச் சுற்றி, 1892 முதல் 1930 வரை நம்ப முடியாத அளவுக்கு அரிய பறவைகள் சுடப்பட்டதாகக் கணக்கு. எல்லாம் உண்மையான உடல்கள், பெரும்பாலானவை ஒரே பாடம் செய்பவரின் கடை வழியாக வந்தவை. 1962இல் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழில் ஜான் நெல்டர் என்ற புள்ளியியலாளர், அதே காலத்தில் அக்கம்பக்கத்துப் பகுதிகளில் கிடைத்த பதிவுகளோடும், பிந்தைய ஆண்டுகளில் அதே பகுதியில் கிடைத்த பதிவுகளோடும் இவற்றை ஒப்பிட்டு, இந்தக் குவியல் இயற்கையாக நேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று காட்டினார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உடல்கள் உள்ளூரில் சுட்டவையாக விற்கப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்த இதழின் ஆசிரியர்கள் வந்தார்கள். இனங்களும் உள்ளினங்களுமாக 29 பெயர்கள் பிரிட்டன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் பல, பிற்காலத்து நல்ல பதிவுகளின் பலத்தில் முறையாகத் திரும்பி வந்தன.

இந்தியாவுக்கும் இதில் ஒரு கசப்பான பங்கு உண்டு. ரிச்சர்ட் மெயினர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, 1914இல் குஜராத்தில் தானே சேகரித்ததாகச் சொல்லிக் காட்டில் வாழும் சிறு ஆந்தை ஒன்றின் உடலை விட்டுச் சென்றிருந்தார். 1880களுக்குப் பிறகு அந்த இனத்தைக் கண்டதற்கு இருந்த ஒரே சான்று அது. பமீலா ராஸ்முசனும் நைஜல் காலரும் அதை ஆராய்ந்து, மெயினர்ட்ஸ்ஹாகன் வேறொருவர் சேகரித்த பழைய உடலைத் திருடி, பிரித்துத் திரும்பத் தைத்து, புதிய சீட்டு கட்டியிருக்கிறார் என்று 1999இல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1997 நவம்பரில், அந்தப் பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய உடல்கள் கிடைத்த ஊர்ப்பக்கம் தேடிய ராஸ்முசன் குழுவினர், மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தையை உயிரோடு கண்டுவிட்டார்கள். ஒரு பொய்ப் பதிவு பட்டியலை மட்டும் கெடுப்பதில்லை; அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிரைத் தேடுபவர்களைத் தவறான காட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த இரண்டு கதைகளும் சொல்வது ஒன்றுதான். உடலோ படமோ தனியாகச் சான்றாகாது. எங்கே, எப்போது, யாரால், எந்த நிலையில் என்ற விவரங்கள் அதோடு பிரியாமல் கட்டப்பட்டிருந்தால்தான் அது சான்று.

இன்று கேன்யனில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது இதிலிருந்தே பிறக்கிறது. முதல் வேலை குறிப்பு. கையேட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். படத்தைப் பார்த்தபிறகு எழுதும் குறிப்பில், பார்த்த பறவை எது, படத்தில் உள்ள பறவை எது என்று எழுதியவருக்கே தெரியாமல் போய்விடும். தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் பார்த்தது, எந்த உறுப்பு தெரிந்தது என்பவற்றோடு எது தெரியவில்லை என்பதையும் எழுத வேண்டும். ‘வால் ஓரம் தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும் குறிப்பு, எல்லாவற்றையும் கண்டதாகச் சொல்லும் குறிப்பைவிட நம்பகமானது. பிறகு படம். மங்கலானாலும் பரவாயில்லை, வெட்டாமல், நிறம் திருத்தாமல், மூலக் கோப்பை அப்படியே வைத்திருப்பது முக்கியம். சாலிட்டேர் போன்ற மறைந்திருக்கும் பாடகனுக்குப் படத்தைவிட ஒலிப்பதிவு பல மடங்கு வலுவான சான்று. ஒலியைக் கணினியில் கொடுத்தால் நேரம் கிடைமட்டமாகவும் சுருதி செங்குத்தாகவும் ஒலிவரைபடம் ஒன்று கிடைக்கிறது. தொடக்கத் தயக்கம், வேகம் கூடும் விதம், ஒவ்வொரு சுரத்தின் வளைவு எல்லாம் அதில் கோடுகளாகத் தெரியும். மெக்சிகோவில் பதிவான பாட்டுகளின் வரைபடத்தை அருகில் வைத்து யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். ஆசையோ நினைவோ அந்தக் கோடுகளை மாற்ற முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஒலிநூலகமும், 2005இல் தொடங்கிய ஸீனோ-கேன்டோ தளமும் இப்படி ஒப்பிடுவதற்கான பெரும் களஞ்சியங்கள். நல்ல மைக் இல்லையென்றால் கைபேசியே போதும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. அவை காட்டும் பெயர் ஒரு யூகம். அந்த யூகத்துக்குக் காரணமான ஒலிக்கோப்புதான் ஆதாரம். பெயரை மட்டும் திரையிலிருந்து படம் பிடித்து அனுப்பிவிட்டு ஒலியை அழித்துவிடுபவர்கள், விதையை எறிந்துவிட்டு உமியைச் சேமிக்கிறார்கள்.

இனம் எது என்பது உறுதியானபின்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அது தானாக வந்ததா? சாலிட்டேர் விஷயத்தில் இது வெறும் சந்தேகம் இல்லை. பாட்டுக்காகவே மெக்சிகோவில் இந்தப் பறவையைக் கூண்டில் வைத்து வளர்க்கிறார்கள், சந்தையில் விற்கிறார்கள். 1996இல் சாண்டா ரீட்டா மலையின் மடேரா கேன்யனில் இதே இனம் ஒன்று அறிவிக்கப்பட்டபோது தடையாக நின்றது கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கலாம் என்ற ஐயம்தான். இத்தகைய ஐயத்தைத் தீர்க்கச் சில தடயங்கள் உதவும். கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்த இறகு நுனி, முறிந்த வால், வளர்ந்த நகம், காலில் வளையம் இருந்தால் ஒரு பக்கம் சாயும். ஊருக்குத் தொலைவான உயர்மலைக் காடு, பருவத்தோடு பொருந்தும் வருகை, அதே கோடையில் அதே தெற்கிலிருந்து பிற இனங்களும் வந்திருப்பது ஆகியவை மறுபக்கம் சாயும். இவற்றில் எதுவும் தனியாக முடிவு சொல்லாது. அதனால்தான் முதல் நாளிலேயே இறகின் நிலையைக் கவனித்து எழுதுவது அவசியம். பறவை போய்விட்டபின் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? ஏற்கப்படாத பதிவும் வீண் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விவரங்களோடு கோப்பில் இருக்கும்வரை, பின்னால் புதிய செய்தி கிடைக்கும்போது அதை எடுத்துத் திரும்ப எடை போடலாம். மடேரா கேன்யன் செய்தியை 13 ஆண்டுகள் கழித்து மில்லர் கேன்யன் பறவையின் அருகே வைத்துப் பார்க்க முடிவது அது எழுத்தில் நின்றதால்தான்.

இத்தனை கெடுபிடி அனுபவசாலிகளை அவமதிப்பது ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். 40 ஆண்டு காட்டில் திரிந்தவரின் சொல்லுக்கு மதிப்பு இல்லையா? மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு அவரோடு வாழ்ந்து அவரோடு முடிந்துவிடும். 50 ஆண்டு கழித்துக் கோப்பைத் திறக்கும் மாணவருக்கு அவர் யார் என்றே தெரியாது. அரிசோனாவில் 1970களிலிருந்து இயங்கும் பறவைக் குழு போன்ற அமைப்புகள் எடை போடுவது ஆளை அல்ல, கொடுக்கப்பட்ட சான்றை. ‘ஏற்கவில்லை’ என்றால் ‘நீர் பார்க்கவில்லை’ என்று பொருளில்லை. கொடுத்த சான்றைக் கொண்டு வேறு வாய்ப்புகளை விலக்க முடியவில்லை என்றே பொருள். சொல்லப்போனால் இந்த முறை காப்பாற்றுவது பெயர் இல்லாதவர்களைத்தான். பெரியவர்களின் வாய்ச்சொல்லே சான்றாக இருக்கும் இடத்தில், முதல் ஆண்டிலேயே அரிய பறவையைக் கண்டுவிட்ட கல்லூரிப் பெண்ணை யாரும் நம்பமாட்டார்கள். ஒலிப்பதிவு அவள் கையில் இருந்தால், யாராக இருந்தாலும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னும் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. வழிதவறி வந்த ஒற்றைப் பறவையால் அறிவியலுக்கு என்ன லாபம்? பெரும்பாலும் அது இனப்பெருக்கம் செய்யாது. திரும்பிப் போகும் அல்லது இறந்துபோகும். எண்ணிக்கை குறைந்துவரும் சாதாரணப் பறவைகளை எண்ணுவதில் அந்த உழைப்பைப் போடலாமே என்கிறார்கள். சாதாரணப் பறவைகளை எண்ணுவது முக்கியம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒற்றைப் பறவை எப்போதும் ஒற்றையாகவே நிற்பதில்லை. ரூஃபஸ்-கேப்ட் வார்ப்லர் என்று ஒரு சிறு பறவை: செம்பழுப்பு உச்சி, வெள்ளைப் புருவம், மஞ்சள் தொண்டை, தூக்கிப் பிடித்த நீண்ட வால். 1970களுக்கு முன் அமெரிக்க மண்ணில் அதற்குப் பதிவே கிடையாது. டெக்சாஸிலும் பிறகு அரிசோனாவின் கேவ் க்ரீக் கேன்யனிலும் அது தென்பட்டபோது வழிமாறிய விருந்தாளியாகத்தான் கருதினார்கள். இன்று தென் அரிசோனாவின் சில கேன்யன்களில் அது கூடுகட்டி வாழ்கிறது. சினலோவா ரென் 2008இல் படகோனியா அருகே ஓடைக்கரையில் முதன்முதலாகப் பதிவானது. அடுத்த ஆண்டே வாச்சூக்கா கேன்யனில் இன்னொன்று. எந்த விருந்தாளி குடியேறும், எது மறையும் என்று வந்த நாளில் யாருக்கும் தெரியாது. குடியேறியபின் அதன் தொடக்கம் எப்போது என்று அறிய விரும்பினால், அந்த முதல் சில பதிவுகளைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வருகையைக் கண்டதும் ‘காலநிலை மாறிவிட்டது’ என்று முழங்குவதை நான் ஏற்கவில்லை. ஒரு பறவை ஒரு பறவைதான். உறுதியான பதிவுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வரிசையில் சேரும்போதுதான் திசை தெரியும். வரிசையில் பாதி ஐயத்துக்குரியவை என்றால் திசையும் பொய்யாகிவிடும்.

ஆட்கள் அதிகம் போகும் இடத்தில்தானே அரிய பறவைகள் ‘கிடைக்கின்றன’ என்ற கேள்வியும் நியாயமானது. அரிசோனாவின் படகோனியா சாலையோர ஓய்விடத்தைப் பற்றி நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு: ஓர் அரிய பறவையைப் பார்க்கக் கூட்டம் வரும், அந்தக் கூட்டம் இன்னோர் அரிய பறவையைக் கண்டுபிடிக்கும், அதைப் பார்க்க மேலும் கூட்டம் வரும். பறவை நோக்கர்கள் தாங்கள் கண்டவற்றைப் பட்டியலாக ஏற்றும் இபேர்ட் தளத்தின் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கைக்கு ஆதரவு எதுவும் காணவில்லை. கூட்டம் கூடுவது உண்மை. புதிய அரிய பறவைகள் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. என்றாலும் அடிப்படைக் கவலை சரியானதே. எத்தனை பேர் எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்று தெரியாவிட்டால், பத்துப் பதிவுகள் பறவை பெருகியதைக் காட்டுகின்றனவா, பார்ப்பவர் பெருகியதைக் காட்டுகின்றனவா என்று சொல்ல முடியாது. இதற்கு மருந்து பதிவைக் குறைப்பது அல்ல. அரிய பறவை கிடைக்காத நாட்களையும், நடந்த தூரம், செலவிட்ட நேரம், கண்ட எல்லாப் பறவைகள் என்று முழுப் பட்டியலாக எழுதுவதுதான். 2002இல் தொடங்கிய இபேர்டின் பெரிய சேவை இந்தப் பழக்கத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்தது. பரபரப்பில்லாத அந்த வெற்று நாட்கள் இல்லாமல் பரபரப்பான ஒரு நாளுக்குப் பொருள் கிடையாது.

பறவைக்கு ஏற்படும் தொல்லையைப் பற்றிய எதிர்ப்புக்கு மட்டும் நான் முழுவதும் தலைவணங்குகிறேன். பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டால், எல்லைக்குள் போட்டியாளர் வந்துவிட்டதாக எண்ணிப் பறவை வெளியே வரும், அலையும், உணவு தேடும் நேரத்தை இழக்கும். ஒருவர் ஒருமுறை செய்தால் சிறிய தொல்லை. வாரம் முழுக்க நூறு பேர் செய்தால் அது துன்புறுத்தல். கேவ் க்ரீக்கின் தெற்குக் கிளைப் பள்ளத்தாக்கில் இப்படி ஒலிக்கவிடுவதற்குத் தடையே இருக்கிறது. அந்தத் தடை சரியானது. நல்ல சான்று வேண்டும் என்ற என் வாதத்துக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. தானாகப் பாடும் பறவையைத் தொலைவில் நின்று பதிவு செய்ததே மிகச் சிறந்த சான்று. தூண்டிவிட்டுப் பெற்ற எதிர்வினை அதைவிடத் தாழ்ந்தது. முதல் இரண்டு மூன்று பேர் ஒழுங்காகச் சான்று சேர்த்துவிட்டால், பின்னால் வருபவர்கள் நெருங்கவேண்டிய தேவையும் அறிவியலுக்கு இல்லை. அவர்கள் கண்டு மகிழலாம், தள்ளி நின்று.

இந்தியாவில் இந்தப் பழக்கம் வேர்பிடித்து அதிக காலம் ஆகவில்லை. 2016இல் ஜே. பிரவீண், ஆர். ஜெயபால், ஆஷிஷ் பிட்டி மூவரும் ‘இண்டியன் பேர்ட்ஸ்’ இதழில் நாட்டின் பறவைப் பட்டியலை வெளியிட்டபோது, ஒவ்வோர் இனத்துக்கும் இந்திய எல்லைக்குள் நம்பத்தக்க சான்று இருக்கிறதா என்று தேடி, 1,263 இனங்களோடு நிறுத்தினார்கள். நூல்களில் வழிவழியாக எழுதப்பட்டும் சான்று தேறாதவை வெளியே நின்றன. அவற்றில் எதையும் திரும்ப உள்ளே கொண்டுவர வழி திறந்தே இருக்கிறது. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஒரு குளிர்காலக் காலையில், பழக்கமில்லாத குரல் ஒன்று சோலைக்குள்ளிருந்து கேட்டால், செய்ய வேண்டியதெல்லாம் நின்ற இடத்திலேயே கைபேசியை அந்தத் திசையில் நீட்டி இரண்டு நிமிடம் பேசாமல் பதிவு செய்வது, இடத்தையும் நேரத்தையும் சொல்லி முடிப்பது, கோப்பைத் திருத்தாமல் ஏற்றுவது. அது என்ன பறவை என்பதை அன்றே கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.